நாலரை நாளில் ஒரு வருஷம்

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். போன மாதம் பிடித்த சளி ஒருவழியாக விட்டுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் முழங்கால் படியேற விடுகிறதா?

போனில் சொல்லலாம்தான். ஆனால் வானாய்வகத்தின் அலுவலக போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். நீயும் போனில் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில்தான் உன் கேள்விகள் வரும். தபால் ஜீப் நாளைக் காலை மலையிலிருந்து இறங்குகிறது, அதற்குள் எழுதி முடிக்கிறேன்.

போன வாரம் வேறு நாட்டுக் குழு ஒன்று ஒரு செய்தி வெளியிட்டது. இன்னொரு சூரியனைச் சுற்றும் ராட்சதக் கோள் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட நம் வியாழன் அளவு. அப்படி ஒன்றைத்தான் நாங்களும் எட்டு வருஷமாகத் தேடுகிறோம். ஆனால் அந்தக் கோள் தன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவர நாலே நாள்தான் எடுத்துக்கொள்கிறதாம்! நம் வியாழனுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு பெரியது அவ்வளவு பக்கத்தில் இருக்கவே முடியாது என்று நானே கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். சாப்பாட்டு அறையில் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறோம்.

செய்தி வந்த அன்று சாயங்காலமே நாடா அறைக்குப் போனேன். நாங்கள் எடுக்கும் அளவுகளையெல்லாம் காந்த நாடாவில் பதிந்து இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம். துழாவிக்கொண்டிருந்தபோது ஆறு வருஷம் பழைய நாடா ஒன்று தற்செயலாகக் கையில் சிக்கியது. ஓட்டிப் பார்த்தேன்.

எங்களிடமும் ஒன்று இருக்கிறது அக்கா. நாலரை நாளைக்கு ஒரு சுற்று. யாரிடமும் சொல்லாதே.

அன்புடன்,
உன் தம்பி

*

அக்டோபர் 27

தம்பி,

நாங்க நல்லா இருக்கோம். அவர் முழங்கால்தான் முரண்டு பிடிக்குது. டாக்டர் இவரை நடக்கச் சொல்றார், இவர் டாக்டரையே நடையா நடக்க வைக்கிறார்.

உன் கடிதத்தை டிப்போவுக்கு எடுத்துட்டுப் போய் என் கூண்டுக்குள்ள உக்காந்து ரெண்டு தரம் படிச்சேன். படிச்சுட்டு நிமிர்ந்தா ஒரு பஸ் உள்ள வந்து நிக்குது, வந்த நேரத்தை எழுதவே இல்ல. பதினெட்டு வருஷமா டைம் கீப்பரா இருக்கேன், இதுதான் முதல் தடவை. கோள் வந்துச்சு, அதான் பஸ்ஸைக் கவனிக்கலன்னு மேலாளர்கிட்ட சொல்லவா முடியும்?

எனக்குத் தலைக்குள்ள கொசு புகுந்த மாதிரி ஆயிடுச்சு. அதைக் கண்ணால பார்க்க முடியாதுன்னு நீதானே முன்ன சொல்லுவே, அப்புறம் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது? அவ்வளவு கிட்ட இருந்தா வெந்து போகாதா? அங்கேயே பிறந்ததா, எங்கேயோ பிறந்து அங்க போய் ஒட்டிக்கிச்சா? இத்தனை நாள் ஏன் ஒருத்தரும் பார்க்கல?

இன்னொண்ணு. ஆறு வருஷப் பழைய நாடாங்கிறே. அப்ப உன் உதவியாளரா சிட்டு இருந்தாளே. மஞ்சள் காமாலை வந்து நம்ம வீட்டுல பத்து நாள் படுத்திருந்த பொண்ணு, நடக்கிற வேகத்தைப் பார்த்து நான் சிட்டுன்னு பேர் வெச்சேனே, அவதான். இது அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சா துள்ளிக் குதிப்பாளே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் நலம். மாமாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் கேள்விகளைப் படித்துவிட்டு, என்னிடம் படித்தவர்களில் யாராவது இப்படிக் கேட்டார்களா என்று யோசித்தேன். சொல்கிறேன்.

கோள் தெரியாது. அதன் சூரியன்தான் தெரியும். ஆனால் கோள் சுற்றும்போது சூரியனையும் இழுக்கிறது. ஒரு குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றிப் பார், நீயும் நின்ற இடத்தில் நிற்க மாட்டாய், சின்னதாக ஒரு வட்டம் போடுவாய். அந்த நட்சத்திரமும் அப்படித்தான், கொஞ்சம் நம் பக்கம் வருகிறது, கொஞ்சம் விலகிப் போகிறது. வரும்போது அதன் ஒளி நீலத்தின் பக்கம் ஒரு மயிரிழை நகரும், போகும்போது சிவப்பின் பக்கம். அந்த நகர்வை அளக்க, அயோடின் ஆவி அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பி வழியாக ஒளியை விடுகிறோம். அந்த ஆவி ஒளியில் அசையாத கோடுகளைப் போட்டுக் கொடுக்கும், அளவுகோல் மாதிரி. எங்கள் நட்சத்திரம் நொடிக்கு எண்பது மீட்டர் வேகத்தில் ஆடுகிறது. அதிவேக ரயிலின் வேகம், அவ்வளவுதான்.

வெந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல். ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டியபடி சுற்றும் என்று நினைக்கிறோம். அந்தப் பக்கம் எப்போதும் பகல், முதுகுப் பக்கம் எப்போதும் இருட்டு. நாலரை நாளில் அதற்கு ஒரு வயது கூடிவிடுகிறது. நீ அங்கே பிறந்திருந்தால் இப்போது உனக்கு வயது நாலாயிரம்.

அங்கேயே பிறந்திருக்காது, தொலைவில் குளிரில் பிறந்து உள்ளே நகர்ந்திருக்க வேண்டும். எப்படி நகர்ந்தது, சூரியனுக்குள் விழாமல் அங்கே எப்படி நின்றது என்பதெல்லாம் இனிமேல்தான். ஏன் யாரும் பார்க்கவில்லை என்றால், இருக்காது என்று எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. பல வருஷம் எடுக்கும் சுற்றைத் தேடிய நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

தொலைநோக்கியில் புதிதாகப் பன்னிரண்டு இரவு கேட்டிருந்தேன். இயக்குநர் கொடுத்துவிட்டார். ஜீப் ஹாரன் அடிக்கிறது, நிறுத்துகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

நவம்பர் 30

தம்பி,

நாலாயிரம் வயசுன்னு அவர்கிட்ட சொன்னேன். "பார்த்தா அப்படித் தெரியல"ன்னு சொல்லிட்டு ஒத்தடம் கேக்கிறார். அவர் உடம்பு தேறிட்டு வருது, எனக்கும் குறை ஒண்ணும் இல்ல.

நீ எழுதினதை எங்க டிப்போ மெக்கானிக்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் வெளிய சொல்ல மாட்டார், பயப்படாதே. அவர் ஒரு நாள் முழுக்க அதையே நினைச்சுட்டு இருந்துட்டு சாயங்காலம் வந்து கேக்கிறார்: "ஆடுறது நட்சத்திரமா இல்ல அளக்கிற மெஷினான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பாங்க?" நல்ல கேள்வியா இல்ல? கேட்டு எழுது.

நான் அஞ்சு கேள்வி கேட்டேன். நாலுக்குப் பதில் வந்திருக்கு. பஸ்ஸை எண்ணி எண்ணிப் பழகின ஆளு நான், ஒண்ணு குறைஞ்சா தெரிஞ்சுடும்.

அக்கா

*

டிசம்பர் 21

அக்கா,

நலமே. ராத்திரியெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். பன்னிரண்டு இரவில் எட்டு இரவு வானம் தெளிவாக இருந்தது. ஆட்டம் அப்படியே இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முந்தைய அளவோடு தாளம் தப்பாமல் பொருந்துகிறது.

மெக்கானிக்குக்குச் சொல்: அசையாத நட்சத்திரங்கள் சிலதை வைத்திருக்கிறோம். தினமும் முதலில் அவற்றை அளப்போம். அவையும் சேர்ந்து ஆடினால் மெஷின் கோளாறு.

சிட்டு வேலையை விட்டுப் போய் வெகு நாளாகிறது. இந்த வேலை எல்லாருக்கும் ஒத்துவராது.

கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜனவரி 5

தம்பி,

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீ நல்லா இல்லைன்னு தோணுது.

"ஒத்துவராது"ன்னு எழுதினே பாரு, அது உன் கையெழுத்துதானான்னு ரெண்டு தரம் பார்த்தேன். சிட்டு நம்ம வீட்டுல கிடந்த பத்து நாளும் கண்ணு ரெண்டும் மஞ்சள், எழுந்து உக்காரத் தெம்பு இல்ல. ஆனா தலையணைக்குக் கீழ ஒரு கட்டம் போட்ட நோட்டு இருக்கும். படுத்துக்கிட்டே புள்ளி வெப்பா, புள்ளியெல்லாம் சேர்த்துக் கோடு இழுப்பா, அழிப்பா. கஞ்சி ஆறிப் போகுதுன்னு நான் கத்துவேன். ஒரு நாள் "அப்படி என்னதான் இருக்கு அதுல?"ன்னு கேட்டேன். "இது ஆடக் கூடாதுக்கா. ஆனா ஆடுது. சார் மெஷின் கோளாறுன்னு சொல்றார்"னு சொன்னா. எனக்கு அப்ப ஒண்ணும் விளங்கல. காய்ச்சல்ல உளர்றான்னு நினைச்சுத் துணியை நனைச்சு நெத்தியில போட்டேன்.

மெக்கானிக் கேட்ட கேள்விக்கு நீ எழுதின பதிலைப் படிச்சதும்தான் எனக்கு உறைச்சுது. அசையாத நட்சத்திரம்னு நீங்க வெச்சிருந்ததுலயே ஒண்ணு ஆடியிருந்தா?

பூசி மெழுகாம சொல்லு. இது அந்த நட்சத்திரம்தானா?

அக்கா

*

பிப்ரவரி 26

அக்கா,

ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று தடவை எழுதினேன், மூன்றையும் கிழித்துவிட்டேன்.

அதுதான். அந்த நட்சத்திரம்தான்.

கருவியைச் சோதிக்க வைத்திருந்த அசையாத நட்சத்திரங்களில் அது ஒன்று. அதனால்தான் பதினோரு இரவு விடாமல் அளந்திருந்தோம், கோள் தேடிய நட்சத்திரங்களையெல்லாம் மாதம் ஒருமுறைதான். அளந்தது சிட்டு. பதிவுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "இது நிலையாக இல்லை. மற்ற மூன்றும் நிலையாக இருக்கின்றன. நாலரை நாள்?" அதற்குக் கீழே சிவப்பு மையில் என் எழுத்து: "கருவிக் கோளாறு. விட்டுவிடு."

மற்ற மூன்றும் நிலையாக இருந்தால் அது எப்படிக் கருவிக் கோளாறாகும்? உன் மெக்கானிக்குக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. தோன்ற நான் விடவில்லை. அவள் என் அறைக்கு மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நட்சத்திரத்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி உன் கையைச் சரி பண்ணு" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாதம் அவள் ராஜினாமா கொடுத்தாள். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

நாடா தற்செயலாகச் சிக்கியது என்று உனக்கு எழுதினேன். பொய். அந்தச் செய்தி வந்த நிமிஷமே எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. வேறு எதையும் தொடாமல் நேரே அந்த நாடாவைத்தான் எடுத்தேன்.

அன்றைக்கு அவள் சொன்னதை நம்பி இன்னும் ஒரு வாரம் பார்த்திருந்தால், உலகத்திலேயே முதலில் பார்த்தவள் அவள். அந்தக் குழுவுக்கு ஆறு வருஷம் முன்னால். இதை வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கட்டுரை தயார். இயக்குநர் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. அடுத்த வாரம் அனுப்பச் சொல்கிறார், வேறு குழுக்களும் இதே நட்சத்திரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். என்ன செய்ய?

தம்பி

*

மார்ச் 4

தம்பி,

என்ன செய்யன்னு என்கிட்ட ஏன் கேக்கிறே? நான் உன் அக்கா, கடைசியில உன் பக்கம்தான் பேசுவேன். அதுக்காகத்தானே எனக்கு எழுதினே. இது அவளுக்குப் போக வேண்டிய கடிதம்.

சிட்டு வருஷா வருஷம் எனக்கு ஒரு கார்டு போடுவா. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது, கஞ்சியைப் பத்தி மட்டும் இருக்கும். உனக்கு நான் சொன்னதில்ல, நீயும் ஆறு வருஷமா கேட்டதில்ல. துறைமுகத்துல கடல் மட்டம் அளக்கிற ஆபீசுல இருக்கா. முகவரி இந்தத் தாளுக்குப் பின்னால.

கடிதம் போடாதே. கடிதத்துல நீ மழுப்புவே. நேர்ல போ.

அவருக்கு முழங்கால் பரவாயில்ல. உன் மேல கோவமா இருக்கார். நானும்தான்.

அக்கா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக மலை திரும்பினேன். நீ கோபத்தோடாவது படிப்பாய் என்று எழுதுகிறேன்.

கட்டுரையை நிறுத்திவைத்தேன். இயக்குநர் மேஜையைத் தட்டினார். "உன் பாவமன்னிப்பை அச்சடிக்க இது இடமில்லை" என்றார். மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

துறைமுகக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. ஒரு மூலையில் மெதுவாகச் சுழலும் உருளை, அதில் சுற்றிய தாளில் ஒரு பேனா தானாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. கீழே தண்ணீரில் மிதவை ஏறி இறங்க, மேலே பேனாவும் ஏறி இறங்குகிறது. அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வாங்க சார், அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க" என்றாள்.

பஸ்ஸில் ஏழு மணி நேரம் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் போய்விட்டது. "நீ சொன்னது சரி. அது ஆடுது" என்றேன்.

அவள் பேனாவின் பக்கம் திரும்பினாள். பிறகு, "சுற்று எவ்வளவு?"

"நாலு புள்ளி ஆறு ஒண்ணு."

"நான் நாலு புள்ளி ஆறுன்னு போட்டேன். பதினோரு ராத்திரிக்கு அது மோசமில்ல." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. எதிரே இருப்பது யார் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். "உங்க ரூமுக்கு எத்தனை தடவை வந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

"மூணு தடவை."

"நாலு. நாலாவது தடவை உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. கதவைத் தட்டாமலே திரும்பிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, தெரியவில்லை. கட்டுரையில் அவள் பெயரை முதலில் போடுவதாகச் சொன்னேன்.

"வெறும் பேரைப் போட்டா ஏதோ இரக்கப்பட்டுப் போட்டதா நினைப்பாங்க. நடந்ததை எழுதுங்க. என்னிக்குப் பார்த்தேன், நீங்க என்ன சொன்னீங்க, ரெண்டையும்."

"எழுதறேன்."

அப்புறம் அவள் கேட்டாள்: "அது நட்சத்திரத்துக்குக் குறுக்கே வருதான்னு பார்த்தீங்களா?"

கோளின் பாதை நம் கண்ணுக்கு நேராக அமைந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும், ஒளி துளி மங்கும். அது மட்டும் கிடைத்தால் கோளின் அளவே தெரிந்துவிடும். ஆனால் அப்படி அமைய வேண்டுமே! "பத்துல ஒரு பங்கு வாய்ப்புதான். இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்ல" என்றேன்.

"பார்க்காம எப்படி சார் கிடைக்கும்?" என்றாள். கையை நீட்டி, நான் கொண்டுபோன தாள்களை வாங்கிக்கொண்டாள். மிதவை ஏறி இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். மே பத்தொன்பது, சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்தில் கடக்கத் தொடங்க வேண்டும்.

மலைக்கு வருவாயா என்று கேட்டேன். "விடுப்பு கிடைக்குமான்னு பார்க்கணும்" என்றாள். உனக்குச் சொல்லச் சொன்னாள்: அந்தக் கஞ்சி நிஜமாகவே ஆறித்தான் போயிருந்ததாம்.

அன்புடன்,
தம்பி

*

செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

நீங்களும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு இப்போது நன்றாக இருக்கிறது. உங்கள் தம்பி எல்லாவற்றையும் உடனுக்குடன் எழுதியிருப்பார். ஆனாலும் நீங்கள் என் வாயாலும் கேட்பீர்கள் என்று தெரியும்.

மே மாதம் மலைக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கென்று அங்கே ஒரு சின்னத் தொலைநோக்கி இருக்கிறது, அதுதான் கிடைத்தது. எங்கள் நட்சத்திரத்தையும் பக்கத்தில் உள்ள இன்னொரு நட்சத்திரத்தையும் மாறி மாறி அளந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் எண்ணைப் படித்தேன், சார் எழுதினார். நான் சொன்ன நேரம் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷம் போனது. அவர் என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. பதினாலாவது நிமிஷம் எண் குறைய ஆரம்பித்தது. குறைந்தது, அப்படியே நின்றது, மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பப் பழைய இடத்துக்கே ஏறியது. நூறில் ஒன்றரைப் பங்கு, அவ்வளவுதான் மங்கல். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நான் அங்கிருந்த இரும்பு ஏணியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்த ஒன்றரைப் பங்கை வைத்து அளவு தெரிந்தது. வியாழனைவிட அகலம், எடையோ வியாழனில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீரைவிட லேசான கோள் அக்கா! சூட்டில் உப்பியிருக்கிறது என்று சொல்லிவிடலாம், ஆனால் கணக்குப் போட்டால் சூடு மட்டும் போதவில்லை. உள்ளே வேறு ஏதோ அதை ஊதிக்கொண்டிருக்கிறது. என்னவென்று யாருக்கும் தெரியாது.

போன வாரம் கட்டுரை அச்சாகி வந்தது. மூன்று பெயர். இயக்குநரும் கடைசிவரை முணுமுணுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இரண்டாவது பத்தியில் இப்படி இருக்கிறது: "இந்த ஆட்டத்தை முதல் ஆசிரியர் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு பதிவு செய்தார். இரண்டாம் ஆசிரியர் அதைச் சோதித்துப் பார்க்காமலே நிராகரித்தார்." அவர்தான் இரண்டாம் ஆசிரியர். இந்த வரியைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். தெரிந்துதான் எழுதினார்.

மலையில் பழைய வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு இந்தக் கடல் பழகிவிட்டது, இங்கே என்னை நம்புகிறார்கள். மாதம் நாலு இரவு மட்டும் மலைக்குப் போய்வர இங்கே அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

அவரை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனால் கேட்க நினைப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை அக்கா. சில நாள் அந்த ஆறு வருஷம் நெஞ்சை அடைக்கிறது. சில நாள் மறந்தே போகிறது, ஏனென்றால் அந்தக் கோள் ஏன் உப்பியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். என் முதல் கடிதம். ஒரே வரிதான் எழுதினேன். அப்போது நாம் அளந்த பழைய பட்டியலில் பதினேழாவது நட்சத்திரத்தின் அளவுகளை அனுப்புங்கள், அதிலும் ஏதோ இருக்கிற மாதிரி தோன்றுகிறது என்று.

உங்கள்,
சிட்டு